பின்னறைக்கு ஒரு பாட்டு

பல் டாக்டர் அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டுப் பின்னறை இனிமேல் பாட்டு அறை. இதில் பேச்சுக்கே இடமில்லை. பேச்சுக்கு இடம் கொடுத்தால் மனைவி பேசிவிடுவாள் என்பதால், அந்த முடிவைக் குளியலறைக்குள் நின்று, குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த தம் முகத்துக்கு மட்டும் அறிவித்தார். முகம் ஒப்புக்கொண்டது.

மகளுக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதிலிருந்து அந்த அறை காலி. ஒரு ஜன்னல், ஒரு மின்விசிறி, இறுக்கிச் சாத்தினால் சத்தம் புகாத கதவு. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் அதன்மேல் ஒரு கண். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டாக்டர் அடிக்கடி உள்ளே போய்ச் சுவரைக் கையால் முழம் போட்டுப் பார்த்துவிட்டு வருவார். மனைவி ஒரு நாற்காலியை எடுத்துப் போய் ஜன்னலோரமாகப் போட்டு, உட்கார்ந்து, எழுந்து, கொஞ்சம் தள்ளிப் போட்டு மறுபடி உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவாள். இருவரும் வாசலில் எதிரெதிரே மோதிக்கொண்டால், "ஜன்னல் சாத்தியிருக்கான்னு பாக்க வந்தேன்" என்பார்கள். அந்த ஜன்னல் அளவுக்குக் கவனிப்பு அந்த வீட்டில் வேறு எதற்கும் கிடைத்ததில்லை.

இந்த இடத்தில் டாக்டரின் பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாம் சொல்லாவிட்டால் அவரே வந்து சொல்லிவிடுவார். அதற்கு அரை நாள் ஆகும்.

அவர் கேட்பது ப்ராக்ரஸிவ் ராக். வெறும் ராக் என்றால் பயமில்லை. கிடார் இருக்கும், டிரம்ஸ் இருக்கும், ஒருவர் கத்துவார், மூன்று நிமிஷத்தில் ஆளை விட்டுவிடுவார்கள். முன்னால் அந்த ப்ராக்ரஸிவ் சேர்ந்துவிட்டால் சுலபத்தில் விடமாட்டார்கள். முதலில் காற்று வீசும். பிறகு மணி அடிக்கும். பிறகு யாரோ தூரத்தில் நடந்து போவார்கள். இதெல்லாம் முடிந்து, சரி, இனிப் பாடுவார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் கீபோர்டுக்காரர் வந்து குறுக்கே உட்கார்ந்துகொள்வார். பாடகர் வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

டாக்டருக்கு இதில் அசைக்க முடியாத கருத்துகள் உண்டு. பத்து நிமிஷத்துக்குக் கீழே இருந்தால் அது பாட்டு இல்லை, விளம்பரம். கூடவே கை தட்ட முடிகிற தாளம் நடைப் பயிற்சிக்குத்தான் லாயக்கு. நல்ல தாளம் என்றால் ஏழில் போக வேண்டும், பதினொன்றில் போக வேண்டும், கேட்கிறவன் விரல் விட்டு எண்ணி எண்ணித் தோற்க வேண்டும். உலகத்திலேயே உயர்ந்த குழு தாடி வைத்த ஐந்து பேர் கொண்டது. அவர்களுடைய முதல் மூன்று இசைத்தட்டும் தங்கம். நாலாவதில் கீபோர்டுக்காரர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். ஐந்தாவதில் எல்லாரும் தாடியை மழித்துவிட்டார்கள். "தாடி போனப்பவே எல்லாம் போச்சு" என்று டாக்டர் சொல்லும்போது, நெருங்கிய சொந்தத்தில் ஏதோ துக்கம் நடந்துவிட்டது என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள்.

இந்தக் கருத்துகளைக் கேட்க அவருக்கு ஆட்கள் குறைவில்லை. வீட்டின் முன்பக்கம்தான் அவருடைய கிளினிக். சாய்வு நாற்காலியில் படுத்து வாயை 'ஆ'வென்று திறந்து வைத்திருப்பவர்களால் மறுத்துப் பேச முடியாது. "மூணாவது ரெக்கார்டுதான் அவங்களோட உச்சம், என்ன சொல்றீங்க?" என்று கேட்பார். "ஆ" என்பார்கள். "அதேதான் நானும் சொல்றேன்" என்பார். பல்லைத் துளைக்கும் மெஷினைக் காலால் அழுத்தித்தான் ஓட்ட வேண்டும். பாட்டு சூடு பிடித்துவிட்டால் அந்தக் காலும் ஏழு தாளத்தில் போகும். ஒரு பேங்க் மேனேஜர் எழுந்து வாயைக் கொப்பளித்துவிட்டு, "வலிச்சாலும் பரவால்ல டாக்டர், அடுத்த தடவை பாட்டு வேணாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். டாக்டர் அவருடைய பல்லுக்காகப் பரிதாபப்படவில்லை. ரசனைக்காகப் பரிதாபப்பட்டார்.

மனைவியின் கருத்து சுருக்கமானது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை கேட்டாள்.

"இவங்க அஞ்சு பேரும் சேர்ந்து வாசிக்கிறாங்களா, இல்ல தனித்தனியா பழகிட்டிருக்காங்களா?"

அன்று டாக்டர் கோபித்துக்கொண்டு சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை மட்டும் அவ்வப்போது வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கோ காதால்தான் பிழைப்பு. ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு அவள் டைப் அடித்து அனுப்ப வேண்டும். ஆபீஸ் என்று தனியாக இல்லை. சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். முன்பக்கம் பல் துளைக்கும் சத்தம், ஹாலில் தாடிக்காரர்கள். நடுவில் அவள்.

குளித்துவிட்டு வந்த டாக்டர் அந்த மேஜையில் உட்கார்ந்து, காற்றிடம் பேசுவது போல ஆரம்பித்தார்.

"பின்னறை சும்மாதானே கிடக்கு."

"சும்மா எங்க கிடக்கு? நான் டேபிள் போடப்போறேன்."

"எந்த டேபிள்?"

"என் வேலைக்கு டேபிள்."

"இந்த டேபிளுக்கு என்ன குறைச்சல்?"

"சாப்பிடறதுக்கு ஒரு குறைச்சலும் இல்ல. நேத்து ஒரு டாக்டர் யாரோ ஒருத்தரோட இதயத்தைப் பத்திச் சொல்லிட்டிருக்கார். பின்னாடி உங்க தாடிக்காரர் டிரம் அடிக்கிறார். நான் 'இதயத் துடிப்பு ஒழுங்கில்லை'ன்னு அடிச்சு வெச்சிருக்கேன்."

"அது ஒழுங்கில்லாத துடிப்பு இல்லம்மா. ஏழு தாளம்."

"அந்த மனுஷனைத் தூக்கிட்டுப் போய்ப் படுக்க வெச்சிருப்பாங்க. அனுப்பறதுக்கு முன்னாடி திரும்பக் கேட்டேனோ பொழைச்சாரோ."

டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நேராகப் போனால் காரியம் ஆகாது என்று தெரிந்தது. சுற்றி வளைத்துப் போனார்.

"உனக்கு அந்தப் பாட்டோட அருமை தெரியல. ஒரு தடவையாவது முழுசா உக்காந்து கேட்டிருக்கியா?"

"எங்க உக்காரறது?"

"அதான் சொல்றேன். ஒரு பந்தயம் வெச்சுக்கலாம். ஒரு பாட்டு. ஒரே ஒரு பாட்டு. பேசாம, எழுந்திருக்காம, ஃபோனை நோண்டாம கடைசி வரைக்கும் கேட்டுட்டேன்னா ரூம் உனக்கு. முடியலன்னா ரூம் எனக்கு."

சொல்லும்போதே அவருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சாயங்காலம் ஹெட்போனைக் கழற்றிய நிமிஷத்திலிருந்து அவள் பேச ஆரம்பித்தால், சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, விளக்கை அணைத்த பிறகும் நிற்காது என்பது அவருக்குத் தெரியும். கழற்றுவதற்கு முன்னால் நாள் முழுக்க வாயைத் திறக்காமல் அவள் உட்கார்ந்திருந்தது மட்டும் ஏனோ அவர் நினைவுக்கு வரவில்லை.

மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

"பேசினா தோல்வியா?"

"பேசினா தோல்வி. எழுந்தா தோல்வி."

"யார் பேசினாலும்?"

"சட்டம்னா எல்லாருக்கும்தான்," என்றார் டாக்டர் பெருந்தன்மையாக.

"சரி. ஆனா ரொம்ப நீளமானது வேணாங்க. சின்னதா ஒண்ணு போடுங்க."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. பயந்துவிட்டாள்.

"பாட்டை நான்தான் எடுப்பேன்."

"சரி, நீங்களே எடுங்க. நடுவரை நான் கூப்பிடறேன். மேல்வீட்டு அண்ணா வரட்டும்."

மேல்வீட்டு அண்ணா என்பவர் பல காலம் கால்பந்து ரெஃபரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், விசிலுக்கு இல்லை. அது இன்னும் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. தெருவில் யாராவது வண்டியைக் கோணலாக நிறுத்தினால் மாடியிலிருந்து விசில் வரும். பால்காரர் தாமதமாக வந்தால் விசில் வரும். பாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. டாக்டர் அதையும் யோசித்துப் பார்த்துத் திருப்தியடைந்தார். ஒன்றும் தெரியாதவர்தான் நடுநிலையாக இருப்பார் என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மாலை. கிளினிக் விடுமுறை. ஹாலில் மூன்று நாற்காலிகள் போடப்பட்டன. டாக்டர் அலமாரியிலிருந்து மூன்றாவது இசைத்தட்டை எடுத்தார். அதன் இரண்டாவது பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்து மூன்று நிமிஷம். அதைவிட நீளமாக அவரிடம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பார். கிளினிக் கையுறையை மாட்டிக்கொண்டு தட்டின் ஓரத்தைப் பிடித்தார். பல்லிடுக்கைத் தேய்க்கும் மெல்லிய பிரஷ்ஷால் ஊசியைச் சுத்தம் செய்தார். பிறகு நிமிர்ந்து, இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"இந்தப் பாட்டைப் பத்தி முதல்ல ஒரு சின்ன முன்னுரை. இது உருவானப்ப அந்தக் குழுவுக்குள்ள..."

"டாக்டர்," என்றார் ரெஃபரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "ஆட்டம் நேரத்துக்கு ஆரம்பிக்கணும்."

ஊசி இறங்கியது. விசில் ஒலித்தது.

காற்று வீசியது. மணி அடித்தது. யாரோ தூரத்தில் நடந்து போனார்கள். ரெஃபரி திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் சரியாக உட்கார்ந்துகொண்டார்.

மனைவி கண்ணை மூடிக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் இருந்தாள். முகத்தில் ஒரு சலிப்பும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று டாக்டர் மனத்துக்குள் சிரித்துக்கொண்டார்.

அப்போதுதான் கீபோர்டு நுழைந்தது. டாக்டருக்குச் சிரிப்பு நின்றுபோனது.

தம்மைப் பற்றியே ஒரு விஷயம் அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. அந்தப் பாட்டை அவர் வாயை மூடிக்கொண்டு கேட்டதே இல்லை. கீபோர்டு வரும்போது "இதோ, இதோ" என்பார். தாளம் மாறும்போது "பிடிச்சியா?" என்பார். கிடார் ஏறும்போது கேட்பவர் கையைப் பிடித்துக்கொள்வார். கையில் இருப்பது பல் பிடுங்கும் குறடாக இருந்தாலும் பேச்சு நிற்காது. இன்று எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளே அடக்க வேண்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பல்லை அப்படிக் கடிக்கக் கூடாது, தேய்ந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவர் அவர்.

தாளம் ஏழுக்கு மாறியது. "பிடிச்சியா?" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினார். பாடகர் ஒருவழியாக வந்து சேர்ந்தார். இத்தனை நேரம் இவர் எங்கே இருந்தார் என்று ரெஃபரி முகத்தில் கேள்வி எழுந்தது. அதற்கு டாக்டரிடம் அருமையான பதில் இருந்தது. அதையும் விழுங்கினார். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார். மடியில் அவள் விரல்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. டைப் அடித்துப் பழகிய விரல்கள், சும்மா இருக்க மாட்டேன் என்கின்றன என்று நினைத்துக்கொண்டார்.

பாட்டு மேலே ஏறியது. கிடாரும் கீபோர்டும் ஒன்றையொன்று துரத்தின. டாக்டருக்குக் கண் கலங்கியது. எத்தனை முறை கேட்டாலும் இந்த இடத்தில் அவருக்குக் கலங்கும். உலகத்தில் இவ்வளவு அழகாக ஒன்றை ஐந்து பேர் சேர்ந்து செய்து வைத்திருக்கிறார்கள், அதை நாம் உயிரோடிருந்து கேட்கிறோம் என்று ஒரு சந்தோஷம். எல்லா வாத்தியமும் சேர்ந்து ஏறி, ஏறி, உச்சிக்குப் போய், ஒரே அடியாக அடித்து, நின்றன.

நிசப்தம்.

தெரிந்தவர்களுக்கு இது முடிவு இல்லை என்று தெரியும். பாட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறது. தாடிக்காரர்கள் வேண்டுமென்றே அங்கே நிறுத்தி, ஒரு நீண்ட மூச்சு அளவுக்கு ஒன்றுமே இல்லாமல் விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஒற்றைப் புல்லாங்குழல் கிளம்பும். அந்த இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிடாமல் காத்திருப்பதில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது என்பது டாக்டரின் முதல் கொள்கை.

ரெஃபரி ரெக்கார்டு பிளேயரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சிலையாக உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்தார். விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினார். ஊதிவிட்டுக் கையும் தட்டினார்.

"பிரமாதம். ஆட்டம் முடிஞ்சுது."

டாக்டர் எதை வேண்டுமானாலும் பொறுத்திருப்பார். அந்த இடத்தில் கைதட்டலா?

"சார், முடியல." நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "பாட்டு இன்னும் முடியல. இது முடிவு இல்ல சார், மூச்சு. இங்க போய் யாராவது கை தட்டுவாங்களா? இப்பத்தான் சார் விஷயமே இருக்கு. ஆரம்பத்துல வந்த ட்யூன் இப்ப தலைகீழா திரும்பி வரும், கேளுங்க."

உயர்த்திய விரலோடு நின்றார். சொல்லி வைத்தாற்போல் புல்லாங்குழல் கிளம்பியது.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர், வெற்றியில் முகமெல்லாம் மலர்ந்து.

ரெஃபரியின் பார்வை பாட்டின்மேல் இல்லை. டாக்டரின் கால்மேல் இருந்தது. நின்றுகொண்டிருந்த கால். டாக்டர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி இருந்தாள். கண்ணை மட்டும் திறந்திருந்தாள். வாயைத் திறக்கவில்லை.

ரெஃபரி சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"பேசினது ஒண்ணு, எழுந்தது ஒண்ணு."

டாக்டர் தம் காலைக் குனிந்து பார்த்தார். ஆனாலும் சுதாரித்துக்கொண்டார்.

"அதெப்படி சார்? நீங்கதான் முடிஞ்சுதுன்னு விசில் ஊதிட்டீங்களே. ஆட்டம் முடிஞ்ச பிறகு யார் வேணும்னாலும் பேசலாம்."

ரெஃபரி நியாயஸ்தர். தாடையைத் தடவி யோசித்தார்.

"நீங்க சொல்றதுலயும் அர்த்தம் இருக்கு. சரி, பாட்டு முடிஞ்சுதுன்னே வெச்சுக்குவோம். அதுவரைக்கும் உங்க வீட்டம்மா பேசல, அசையல. அப்ப ரூம் அவங்களுக்கு. முடியலன்னு வெச்சுக்கிட்டா நீங்க பேசிட்டீங்க, எழுந்துட்டீங்க. அப்பவும் ரூம் அவங்களுக்குத்தான். எப்படி வேணும்னாலும் நான் தீர்ப்பு சொல்றேன். நீங்களே சொல்லுங்க டாக்டர். பாட்டு முடிஞ்சுதா, முடியலையா?"

புல்லாங்குழல் வாசித்துக்கொண்டே இருந்தது.

டாக்டர் தவித்துப் போனார். முடிஞ்சுது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் போட்ட சட்டத்தை அவரே மீறினார் என்ற அவப்பெயர் இராது. மனைவி ஜெயித்தாள், அவ்வளவுதான். நாளைக்கு நாலு பேரிடம் தலைநிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு, அந்தப் புல்லாங்குழலைக் காதில் கேட்டுக்கொண்டே, பாட்டு முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

"முடியல," என்றார் மெதுவாக. சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

தோற்றபிறகு ஒரு சௌகரியம் இருந்தது. இனிமேல் பேசலாம். டாக்டர் வஞ்சனை இல்லாமல் பேசினார். ரெஃபரி பக்கம் சாய்ந்து, இது திரும்பி வருகிற ட்யூன், இது கீபோர்டுக்காரர் விடைபெறுகிற இடம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். "இந்த ஆளு நல்லா ஓடுறாரே, யாரு இவரு?" என்று ரெஃபரி கிடாரைப் பற்றிக் கேட்டபோது டாக்டருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாயைத் திறந்து வைக்காமலே ஒருவர் அவரிடம் ஆசையாகக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அறை போன துக்கம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

கடைசி சுரம் தேய்ந்து, ஊசி தானாக எழும்பியது. அதன்பிறகுதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"அண்ணா, டேபிள் கொஞ்சம் கனம். ஒரு கை பிடிக்கிறீங்களா?"

மாடியில் ரெஃபரி வீட்டில் அவளுடைய டேபிள் ஏற்கெனவே வந்து இறங்கியிருந்தது. அதை ரெஃபரி ஒரு பக்கமும் டாக்டர் ஒரு பக்கமும் தூக்கி வந்து பின்னறை ஜன்னலோரம் போட்டார்கள். ரெஃபரி விடைபெற்றுக்கொண்டு மேலே போனார். மனைவி ஹெட்போனை ஆணியில் மாட்டி, நாற்காலியைச் சரியாக முன்பு பார்த்து வைத்திருந்த இடத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். டாக்டர் கதவருகே தயங்கி நின்றார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதே. அந்த இடத்துல பாட்டு நின்னதும் யாரா இருந்தாலும் முடிஞ்சுதுன்னு எழுந்துடுவாங்க. நீ மட்டும் எப்படி எழுந்திருக்கல?"

"கல்யாணமான நாள்லேர்ந்து பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருக்கேன். அந்தப் பாட்டு எனக்குத் தலைகீழாப் பாடம்."

"அப்போ சின்னதா ஒண்ணு போடச் சொன்னது?"

"சின்னதா கேட்டா நீங்க எதை எடுப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"ரெஃபரியை..."

"சத்தம் நின்னா அவரு விசில் ஊதுவாரு. ஊதினா நீங்க பேசுவீங்க."

டாக்டருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். அவளுக்கு அந்தப் பாட்டு முழுக்கப் பாடம். மடியில் அசைந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. அது டைப் இல்லை, தாளம். ஏழு தாளம். இத்தனை வருஷமாக ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த ரசிகை வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறாள். ஒரு அறை போனால் என்ன, வீட்டையே எழுதிக் கொடுக்கலாம் போல இருந்தது.

"அப்போ உனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும்," என்றார்.

"முழுசா இல்ல. ஒரு இடம் மட்டும் ரொம்பப் பிடிக்கும். அந்த இடம் எப்ப வரும்னு தினமும் காத்திட்டிருப்பேன்."

"எந்த இடம்? சொல்லு. கீபோர்டு வருமே, அதுவா? புல்லாங்குழலா?"

"நடுவுல கொஞ்ச நேரம் சத்தமே இல்லாம இருக்கும்ல, அந்த இடம்," என்று சொல்லிவிட்டு மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள்.